சீலையில் சுற்றிய தொடை எலும்பு

ஜூன் 12, வியாழன்

கச்சான் காற்று. மேசையில் மணல், தேத்தண்ணியிலும் மணல். காலை முழுக்க இரத்த மாதிரிகளுக்கு லேபல் ஒட்டல். கரண்ட் போய் வந்தது, ஃபிரிட்ஜ் தப்பியது.

நல்ல செய்தி. பின் தெரு ரபீக் காக்கா சனிக்கிழமை தன் கிடா வெள்ளைக்காலனை அறுக்கிறார். மகள் சிப்னாவின் பிள்ளைக்கு அகீகா, பிள்ளை பிறந்த நன்றிக்கு அறுப்பது. பல தடவை கரு கலைந்து, கடைசியில் தங்கிய பெண் பிள்ளை. கேட்டதும் எனக்குப் பிள்ளையின் நினைப்பு வரவில்லை, ஆட்டின் தொடை எலும்பு நினைப்புத்தான் வந்தது. விதை நீக்கிய ஆடுகளில் இன்னும் ஒன்றுதான் குறை. வெ.கா.வின் இரத்தம் குட்டியிலிருந்தே என்னிடம் இருக்கிறது. ஆண் ஓமோன் இல்லாமல் வளர்ந்த எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதுதான் ஆராய்ச்சி, அதற்கு எலும்பும் வேண்டும்.

போனில் கேட்டேன். உடனே ஓம் என்றார். என்ன செய்வீர்கள் என்றதற்கு அளந்து பார்ப்போம் என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

வாங்க: சவர்க்காரம், பெட்டரி, பிள்ளைக்குச் சட்டை.

ஜூன் 14, சனி

முடி இறக்கினார்கள், பெயர் ஹனா. சட்டை பெரிதாகிவிட்டது.

ர. காக்கா கத்தியாலேயே மூட்டு மூட்டாகக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோடரி இல்லை. அகீகா ஆட்டின் எலும்பை உடைப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான், எனக்குத் தெரியாததா?

வெளிக்கிடும்போது தொடை எலும்பை வெள்ளைச் சீலையில் சுற்றித் தந்தார். "இந்தாங்க தங்கச்சி, ஒரு கீறலும் படல்ல. புள்ளைட எலும்பும் இப்பிடியே முழுசா இரிக்கட்டும் எண்டுதான்."

ஆமீன் சொன்னேன். வாய் கூசவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மார்க்கச் சட்டம் என்ன என்று தேடிப் பார்த்தேன். உடைக்காமல் விடுவது விரும்பத்தக்கது, கட்டாயம் இல்லை. முடிவு எடுத்த பிறகுதான் தேடினேன் என்பதும் தெரியும்.

வெங்காயச் சம்பல், ரொட்டி. தலையிடி.

ஜூன் 16, திங்கள்

கம்பஸ். காலையில் மட்டும் எலும்பு முறிக்கிற மெஷின் நமக்கு. அதை இயக்குகிற சிவா, வீரமுனை ஆள், சீலையை அவிழ்த்துவிட்டு இதுக்கேன் இவ்வளவு மரியாதை என்று சிரித்தார். ஆட்டெலும்புதான் என்றேன். இரண்டு முனையையும் தாங்கியில் வைத்தால் நடுவில் மேலிருந்து அழுத்தும். எடுத்துவிடலாம் என்று ஒரு தரம் நினைத்தேன். சிவா என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினேன்.

டக். விதை நீக்காத கிடாக்களைவிடச் சீக்கிரம்.

வரைபில் புள்ளி எதிர்பார்த்த இடத்திலேயே விழுந்தது. சந்தோஷப்பட்டேன். அதை எழுதாவிட்டால் இந்தக் கொப்பி எதற்கு. பஸ் ஏறிய பிறகுதான் வெட்கம் வந்தது, மடியில் அதே சீலையில் இரண்டு துண்டு.

ஜூன் 19, வியாழன்

கீரி மீன் மலிவு. வேலைக்குக் கடற்கரைத் தெருவால் சுற்றிப் போகிறேன், ர. காக்கா வீட்டு வாசலைத் தவிர்க்க. உடம்புக்கு நடை நல்லது என்று உம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. வெட்கங்கெட்டவள்.

ஜூன் 24, செவ்வாய்

மழை இருட்டு, பெய்யவில்லை.

கிளினிக்கில் ஹனாவின் காலை விரித்துப் பார்த்தார்களாம். ஒரு பக்க இடுப்பு மூட்டில் சத்தம் வருகிறது, ஸ்கேன் எடுக்க வேண்டும். பச்சைப் பிள்ளைகளுக்கு வருவதுதான், பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆட்டின் தொடைக்கும் பிள்ளையின் இடுப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தெரியும். தெரிந்தும் இதை எழுதிவைக்கிறேன்.

பின்னேரம் சிப்னா போன் எடுத்தாள். பிள்ளை அழுகிற சத்தம்.

"மாமி, ஒண்டு கேக்கணும். அந்த எலும்பு உங்கட்ட முழுசாத்தானே இரிக்கி?"

"ஓம் மகள். முழுசா இரிக்கி."

அல்ஹம்துலில்லாஹ் என்று அழுதாள். வெள்ளிக்கிழமை வாப்பாவை அனுப்புகிறாளாம், எலும்பை வாங்கி வீட்டு வளவுக்குள் புதைக்க. சரி என்றேன்.

ஜூன் 25, புதன்

துண்டு இரண்டையும் பொருத்திப் பார்த்தேன். பொருந்துகிறது. கையை எடுத்தால் விழுகிறது.

வேறு எலும்பு கொடுத்துவிடலாம். யாருக்குத் தெரியும்? இப்படியும் யோசிக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

ஜும்ஆ முடிந்து ர. காக்கா வந்தார். சீலையை மேசையில் வைத்து அவிழ்த்தேன். நான்தான் முறித்தேன் என்றேன், தெரிந்துகொண்டே முறித்தேன் என்றேன், சிப்னாவிடமும் பொய் சொன்னேன் என்றேன். ஏசுவார் என்று நின்றேன். ஏசினால் நல்லாயிருந்திருக்கும்.

துண்டுகளைத் தொடவில்லை. பிறகு தாழ்ந்த குரலில், "வேற ஆட்டுட முழு எலும்பு இரிக்கா? இத அவ காணக்கூடா."

இருந்தது. அடுத்த கிழமை முறிக்க வைத்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதே சீலையில் அவரே சுற்றினார், அன்றைக்குச் சுற்றிய மாதிரியே. ஸலாம் சொன்னார், தங்கச்சி என்று சொல்லவில்லை.

வெள்ளைக்காலனின் துண்டுகள் மேசையிலேயே கிடக்கின்றன.