பன்னிரண்டாம் போர்ட்

நாள் 212. 09:10

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும். என் பெயர் இசக்கியம்மாள். செவ்வாய் ஆய்வு வளாகத்தின் நெட்வொர்க் பொறியாளர். பதிவேட்டில் சொந்த விஷயம் எழுதக் கூடாது என்பது விதி. முடிந்தவரை எழுதாமல் இருக்கிறேன்.

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். செய்தியும் அதில்தான் போகிறது, காற்றைச் சுத்தம் செய்யும் விசிறிக்கு மின்சாரமும் அதில்தான் போகிறது. வேறு மின்கம்பி இல்லை. எல்லாக் கேபிள்களும் முதல் அறையில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச்சில் முடிகின்றன; அறைக்கு ஒரு போர்ட், அதாவது கேபிள் செருகும் வாய்.

புழுதிப் புயல், நான்காம் நாள். விசிறிகள் பாதி வேகம். சுவிட்ச் கொடுப்பது 190 வாட். அதிகபட்சம் கொடுக்க முடிவது 320. கோளாறு எதுவும் இல்லை.

நாள் 212. 14:58

நடைவழிக் கூரை கிழிந்தது. அங்கே இப்போது காற்று இல்லை. எல்லாக் கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொண்டன. அவரவர் அவரவர் அறையில். யாருக்கும் அடி இல்லை.

நடைவழிக் காற்று வராததால் விசிறிகள் முழு வேகத்துக்கு ஏறின. இருப்பதற்கு மேல் கேட்டால் சுவிட்ச் கடைசி எண்ணிலிருந்து போர்ட்டுகளின் மின்சாரத்தை மட்டும் அணைக்கும். பன்னிரண்டு அணைந்தது. பிறகு பதினொன்று.

பன்னிரண்டு என் அறை. நிறுவிய நாளில் எல்லோருக்கும் எண் கொடுத்துவிட்டு மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டேன். பதினொன்று, மண் ஆய்வாளர் மரியசெல்வம் அண்ணன். டேப்லெட்டுக்குத் தனி பேட்டரி இருப்பதால் செய்திகள் வருகின்றன. அவருடையது:

"ஏ பிள்ள, என் விசிறி நின்னுட்டு. நான் மூணு நாளா குளிக்காதது அதுக்கும் தெரிஞ்சிட்டு போல."

நாள் 212. 15:40

வளாகத் தலைவர் ரகோத்தமன் சாருடன் செய்திப் பரிமாற்றம். அப்படியே பதிகிறேன்.

"இசக்கி, எத்தனை அறை ஓடும்?"

"பத்து சார்."

"பன்னிரண்டும் ஓடும்னுதானே கணக்குப் போட்டு வாங்கினோம்?"

"புயல் சார்."

அது பதில் இல்லை. அவர் மேலே கேட்கவில்லை. மாற்றி மாற்றி அணைக்கலாம் என்றேன். பதினோரு அறைகள், ஒரு நேரத்தில் பத்து ஓடும். ஆளுக்கு மணிக்கு ஐந்தரை நிமிடம் நிற்கும். யாருக்கும் ஆபத்து இல்லை.

"பதினொண்ணா? உன் அறை?"

"என் அறை பெரிசு சார். காத்து நிறைய இருக்கு. வேண்டாம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

அவர் அட்டவணையைச் சுவிட்ச்சில் ஏற்றினார். அவசரநிலையில் அவர் கடவுச்சொல் இல்லாமல் அதை மாற்ற முடியாது. என் அறையும் மற்ற அறைகளின் அளவுதான்.

நாள் 213. 10:20

கைமீட்டரில் கரியமில வாயு 2.3 சதவீதம். தலைவலி, கண்ணுக்குப் பின்னால். புயல் ஓய இன்னும் மூன்று நாள் என்று வானிலைப் பிரிவு சொல்கிறது. அதன் பிறகுதான் வெளியே போய்க் கூரையை ஒட்ட முடியும். என் கணக்கில் என் அறைக் காற்று அவ்வளவு நாள் வராது.

சுவிட்ச் தேர்வுக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். பூமியில் நடந்தது. திரையில் போட்டார்கள்: ஒரு விசிறிக்கு 25.5 வாட், பன்னிரண்டுக்கு 306. ஆகவே 320 போதும். 25.5 என்பது விசிறிக்குப் போய்ச் சேர்வது. வழியில் கேபிள் தின்பதையும் சேர்த்து சுவிட்ச் 30 ஒதுக்க வேண்டும். என் தாளில் 12 × 30 = 360 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

எல்லோரும் பெரிய படிப்பு. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சார் என்னைப் பார்த்து, "இசக்கி, ஏதாவது?" என்றார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன். டீ வந்தது. தாளை நான்காக மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தேன்.

நாள் 213. 17:40

3.1. எழுந்து நின்றால் மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்தே எழுதுகிறேன். மரியசெல்வம் அண்ணன்:

"ஒன் அறை பெருசாம்லா? சார் சொன்னாரு. போன மாசம் கேபிள் பிடிக்க வந்தப்ப நான் திரும்பணும்னா நீ வெளிய போவணும். எப்ப பெருசாச்சு?"

"அலமாரிய நகத்திட்டேன் அண்ணே."

"அலமாரிய எங்க நகத்துன, நிலாவுக்கா?"

பிறகு அவரே அனுப்பினார்:

"எதும்னா வாயத் தொறந்து சொல்லு தாயி. இப்ப என் விசிறி நிக்கிற முறை. அஞ்சரை நிமிஷம், ஒரு கோழித் தூக்கம் போட்டுக்கிடுதேன்."

நாள் 214. 06:15

4.3. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. பயமாக இல்லை. எதுவுமாக இல்லை.

கணக்கு மட்டும் போட முடிகிறது. என்னையும் சேர்த்தால் பன்னிரண்டு அறைகள், பத்து ஓடும். ஆளுக்கு மணிக்குப் பத்து நிமிடம் நிற்கும். இப்போது நிற்பது ஐந்தரை. வித்தியாசம் நாலரை. மூன்று தடவை போட்டேன். நாலரைதான்.

ஒரு விசிறிக்கு நான் சொல்லாமல் விட்டதும் நாலரை வாட்.

கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இது சரியான கூலி என்று முதல் நாள் நினைத்தேன். அதனால்தான் அட்டவணையில் என் அறையைச் சேர்க்கவில்லை என்றும் நினைத்தேன். இல்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்.

நாள் 214. 08:40

4.6. டேப்லெட் பேட்டரி 3 சதவீதம்.

இந்தக் குறிப்பு யாரோ பிறகு கண்டெடுப்பதற்காக எழுதியது. அதை மாற்றுகிறேன். முதல் பதிவிலிருந்து முழுவதையும் இப்போதே எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறேன். படிக்கும்போது யார் விசிறி நிற்கிறதோ அவர் மன்னிக்க—

ரகோத்தமன் சார். என் அறை சின்னது. அலமாரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கணக்குத் தப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். 360.

ஏதாவது என்று கேட்டீர்களே சார். ஆமாம் சார்.

ஒவ்வொருவரும் மணிக்கு நாலரை நிமிடம் எனக்குக் கொடுங்கள். பன்னிரண்டாம் போர்ட்டை ஆன் பண்ணுங்கள்