மிளகாய்ச் செடியில் தொங்கிய தட்டு

கூலிம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் சாந்தினிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், வீட்டு முன்னால் மிளகாய்ச் செடிகளும் சுகம். அங்கே கிளாஸ்கோ குளிரில் நீயும் நீ வளர்க்கும் நரம்பு உயிரணுக்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா நடுவில் புகுந்து சாப்பிட்டாயா என்று கேட்பாள், சொல்ல வந்தது போய்விடும். இரண்டு வாரத்துக்கு முன் ஜித்ராவில் அம்மாசி மாமா வீட்டுக் கல்யாணம். எங்கள் மகள் ஆய்வுக்கூடத்தில் நரம்பு வளர்க்கிறாள் என்று அம்மா பெருமை அடித்துக்கொள்ள, மாமா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு, நரம்ப விடு லா, முடி வளக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லு என்றார். கேட்டுச் சொல், பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்தபோது எங்களுக்குக் காட்ட ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு கொண்டுவந்தாயே, பாதி வழவழப்பாக, மறுபாதியில் முடியைவிட மெல்லிய பள்ளக் கோடுகளோடு. அறுந்த நரம்பு இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வளரும் அப்பா, வழவழப்பில் விட்டால் திசை தெரியாமல் அலையும் என்றாய். நான் என்ன செய்தேன்? இருபத்தாறு வருடமாக ஹைடெக் தொழிற்பூங்காவில் சிப் செய்யும் தட்டுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தள்ளுவதுதான் என் வேலை. கீறலைத் தள்ளிச் சம்பாதித்துப் படிக்க வைத்தால் என் மகள் போய்க் கீறல் போடுகிறாளே என்று சிரித்து, பையில் கிடந்த சிவப்பு ரிஜெக்ட் ஸ்டிக்கரை அதன் ஓரத்தில் ஒட்டினேன். நீயும் சிரித்தாய். ஆனால் போகும்போது தட்டை விட்டுவிட்டுப் போய்விட்டாய். மறந்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் நீ, ஆய்வை இன்னும் இரண்டு வருடம் நீட்டித் தருகிறார்கள், அப்பா சரி என்றால்தான் கையெழுத்துப் போடுவேன், மாதக் கடைசிக்குள் சொல்லுங்கள் என்றாய். போதும் வா, என் கம்பெனியிலேயே வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். வேலைக்கான விண்ணப்பப் பாரத்தை உன் பெயரில் நானே நிரப்பியும் விட்டேன்.

அந்தத் தட்டு என்ன ஆனது தெரியுமா? திட்டாதே. மைனா மிளகாயைக் கொத்துகிறது, வெயிலில் பளபளத்தால் பயந்து ஓடும் என்று செடிக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டேன். மைனா அதன்மேலேயே உட்கார்ந்து பழகிவிட்டது. மழையிலும் நான் ஊற்றும் தண்ணீரிலும் தட்டில் பாசி பிடித்துவிட்டது. நேற்று அம்மா கழுவித் தருகிறேன் என்று பிரஷ்ஷோடு வந்தாள். வேலைப் பழக்கம், முதலில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வழவழப்பான பக்கம் பாசி கண்டபடி திட்டுத் திட்டாகக் கிடந்தது. நீ கோடு போட்ட பக்கம் நாற்று நட்ட மாதிரி வரிசை வரிசையாக, ஒன்றுகூட வரி தாண்டவில்லை. அம்மா கையைப் பிடித்து நிறுத்தினேன். அவளும் பார்த்துவிட்டு, இந்தப் பாசிகூட புள்ள சொன்னதக் கேட்டிருக்கு, நீங்கதான் கேக்கல என்றாள். வெட்கமாக இருந்தது கண்ணு. நீ மூன்று வருடமாகச் சொன்னது எனக்கு நேற்றுதான் புரிந்தது.

அதனால் கையெழுத்தைப் போடு. தட்டைக் கழுவாமல் இதனோடு அனுப்புகிறேன். உடையாமலிருக்க அந்த வேலைப் பாரத்தில்தான் சுற்றியிருக்கிறேன், தாள் நல்ல தடிமன். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ரொட்டியைத் தின்றே நாளை ஓட்டாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நூறு வயது நன்றாக இருப்பாய். சிவப்பு ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். எவ்வளவு தேய்த்தும் பசை கொஞ்சம் போகவில்லை. அதற்கு மட்டும் அப்பாவை மன்னித்துக்கொள்.

என்றும் உன் அப்பா,
பரஞ்சோதி