ஒரே வண்டியில் இரண்டு ஓட்டு

என் ராய்ஸுக்கு, டெக்சாஸிலிருந்து நெல்டா.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஒத்தடம் கொடுக்கிறீர்களா, இல்லை நான் இல்லாத தைரியத்தில் டிராக்டரில் ஏறிவிட்டீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று மளிகைக்கடை வாசலில் ஒரு கூத்து. ஒரு கட்சிக்காரர் அதிபர் பதவிக்கும் மறு கட்சிக்காரர் துணை அதிபர் பதவிக்கும் சேர்ந்து சுயேச்சையாக நிற்பதற்குத் தேவையான வாக்காளர் கையெழுத்துகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் வம்புக்கு வந்தார்.

"ரெண்டு கட்சியும் ஒரே வீட்டுல ஒரு வாரம் தாங்குமாம்மா?"

"நானும் எங்க வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கட்சி, இருபத்தாறு வருஷமா தாங்குறோமே! என்னதான் சண்டை போட்டாலும், கூரை ஒழுகினா ரெண்டு பேரும்தான் ஏணி பிடிக்கிறோம்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிறகுதான், மார்ச்சில் தன் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். அந்த ஓட்டைப் போட்டவர் சுயேச்சைக்குப் போடும் கையெழுத்து இந்த மாநிலத்தில் செல்லாது. மார்ச்சில் ஓட்டுப் போட்டீர்களா என்று யாரிடமும் கேட்காமலே காலையெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்!

"கட்சி வாசப்படிய மிதிச்சவன் வேற பேச்சே பேசக்கூடாதா?" என்று என்னைவிட அவருக்குத்தான் கோபம்.

என் பழைய ஷூவை அனுப்புங்கள். கூடவே உங்கள் ஃபிளானல் சட்டை ஒன்று. துவைக்க வேண்டாம். விடுதியில் குளிர்கிறது.

கூப்பிடுகிறார்கள், கிளம்புகிறேன். நீங்கள் உங்கள் கட்சிக்கே போடுங்கள். ஆனால் நவம்பரில் நான் வராமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். எப்போதும்போல ஒன்றாகப் போய், எதிரெதிராகப் போட்டுவிட்டு, ஆப்பிள் பை தின்றுகொண்டே திரும்புவோம். உங்களுக்கு எதிராக ஓட்டுப் போட என்னைத் தவிர இன்னொருத்தி அந்த வண்டியில் ஏறக்கூடாது.

நெல்டா