தாலி கட்டும் நேரத்து இருட்டு

நவம்பர் 18, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஜி.எஸ்.டி. ரோட்டில் வழக்கம்போல் தண்ணீர். துவைத்த துணி எதுவும் காயவில்லை. கேஸ் புக் பண்ண வேண்டும். முதல் வேலை: சனிக்கிழமை எடுத்த ஷீபா கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது.

ஏற்றினேன். பெரிதாக்கிப் பார்த்தேன்.

தாலி கட்டும் படம் ஒன்றுகூடத் தெளிவில்லை. ஒன்றுகூட. மோதிரம் மாற்றுவது, மங்கல். முக்காடு விலக்குவது, மங்கல். நாத்தனார் பின்னால் நின்று முடிச்சுப் போடுகிறாள், அவள் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அத்தனை சுத்தம். முன்னால் ஷீபாவின் முகம் ஆவி படிந்த கண்ணாடி மாதிரி.

ஷீபா, பிரபுவின் தங்கை. பிரபு என்னோடு கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவன், ஆல்பம் வடிவமைப்பதும் அவன்தான். இந்தக் கல்யாணத்தில் பெண்ணுக்கு அண்ணன். கோட்டு சூட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். வீடியோவுக்கு வெளி ஆள், போட்டோ முழுக்க என் பொறுப்பு. அந்த வெளி ஆளுக்குப் போன் போட்டேன். தாலி கட்டும்போது அத்தைமார் எழுந்து குறுக்கே நின்றுவிட்டார்களாம், வீடியோவில் முதுகுகள்தான் இருக்கிறதாம்.

சர்ச்சில் மாலைக் கல்யாணம், மழை இருட்டு, பீடத்தில் மெழுகுவர்த்தி. ஃபிளாஷ் கூடாது, அந்தச் சபையில் அது கண்டிப்பு. கேமரா இருட்டில் தடுமாறும், முன்னும் பின்னும் ஓடி ஒரு வழியாக எதையாவது பிடிக்கும். பிடித்த பிறகு லென்ஸ் வளையத்தை மயிரிழை திருப்பி நான் சரிசெய்வேன். கையால் ஃபோகஸ் பண்ணிக் கற்றுக்கொண்டவள், மெஷினை நம்புவதில்லை. தாம்பரம் பக்கம் சர்ச் கல்யாணம் என்றால் என்னைத் தேடி வருவது அதற்காகத்தான். கர்வம் உண்டு. இல்லையென்று எழுதினால் பொய்.

ஷீபாவிடமிருந்து மெசேஜ்: "அக்கா, தாலி போட்டோ ஒண்ணு மட்டும் அனுப்புங்களேன். அத்தை கேக்கறாங்க."

பதில் போடவில்லை. இவரிடமும் சொல்லவில்லை. சிங்கப்பெருமாள் கோவில் ஃபாக்டரியில் ஷிப்ட், களைத்து வந்திருந்தார். சாப்பாடு: ரசம், அப்பளம். எனக்கு இறங்கவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

மழை இல்லை. இரும்புலியூர் போனேன், பிரபு வீட்டுக்கு. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனான்.

நான்தான் பேசினேன். போன மாதம் பெரும்பாக்கம் ரிசப்ஷனில் லென்ஸ் பை உன்னிடம்தானே இருந்தது, கீழே போட்டிருக்கிறாய், உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, சொல்லாமல் மறைத்துவிட்டாய் என்றேன். குரல் ஏறிவிட்டது. அவன் அம்மா கல்யாண கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்கள். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல்.

"கீழ வுழலக்கா" என்றான். அவ்வளவுதான். இரண்டாம் தரம்கூடச் சொல்லவில்லை.

கேக்கைத் தொடாமல் வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் கோபம் அடங்கவில்லை. முதுகுவலி வேறு. மாத்திரை போட்டுப் படுத்தேன்.

நவம்பர் 20, புதன்

மேகமூட்டம். லென்ஸைக் கடைக்குக் கொண்டுபோகுமுன் நானே சோதிக்கலாம் என்று தோன்றியது. நாளைக்கு அவனிடம் நீட்ட ஆதாரம் வேண்டுமே.

படுக்கையறைத் திரைகளை இழுத்து மூடினேன். மேஜையில் பிஸ்கட் பாக்கெட்டுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகச் சாய்வாக. பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. ஸ்டாண்டில் கேமரா. நடுப் பாக்கெட்டுக்குக் குறி.

கேமராவே பிடித்தது: நடுப் பாக்கெட், எழுத்து ஊசி மாதிரி.
அதன்மேல் நான் திருத்தியது: பின் பாக்கெட் தெளிவு, நடு மங்கல்.

மறுபடி எடுத்தேன். அதே. லென்ஸை மாற்றினேன். அதே. அடுத்த கேமரா. அதே.

கேமரா ஒவ்வொரு முறையும் சரியாகப் பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் கெடுக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. அதுவும் அடுத்தவன் வீட்டு நடுவில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எதற்கோ இடது கண்ணை வைத்துப் பார்த்தேன். நான் எப்போதும் வலது கண்தான். வ்யூஃபைண்டரில் எல்லாமே கலங்கல். பக்கத்தில் பார்வைக்குத் தக்கபடி திருப்பும் சின்னத் திருகு இருக்குமே, அது கடைசி வரைக்கும் போயிருக்கிறது. திருப்பியது நான்தான். எப்போது என்று தெரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இருக்க வேண்டும். நடுவுக்குக் கொண்டுவந்தேன், இடது கண்ணுக்குப் பளிச்.

திரையை விலக்கினேன். இடது கண்ணைக் கையால் மூடினேன்.

ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறது. நடுவில் மட்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் எதிர் வீட்டு வாட்டர் டேங்க், அதன் நடுவில் ஒரு சாம்பல் வட்டம். இரண்டு கண்ணையும் திறந்தால் ஒன்றுமில்லை, எல்லாம் நேர்.

மூடி, திறந்து, மூடி, திறந்து. எத்தனை தரம் என்று தெரியாது. மெழுகுவர்த்தியை அணைக்கக்கூட மறந்து, மேஜை விரிப்பில் ஒழுகிக் கிடக்கிறது.

நவம்பர் 21, வியாழன்

நல்ல மழை. கண் ஆஸ்பத்திரி. இவர் லீவு போடுகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். தப்பு. சொட்டு மருந்து விட்ட பிறகு ஸ்கூட்டர் ஓட்டக் கூடாதாம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தேன். எதிரே வந்த ஹெட்லைட் எல்லாம் பூதம்.

டாக்டரம்மா ஸ்கேன் காட்டினார். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது. பார்வையின் நடு மையத்தில், சின்னக் கொப்புளம் போல. நான் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். முதுகுவலிக்கு மட்டும் என்றேன். பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

"இது ஸ்டீராய்டும்மா. யார் எழுதிக் குடுத்தாங்க?"

யாரும் எழுதவில்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன், கொடுத்தார்கள். நின்றே வேலை செய்கிறவளுக்கு முதுகு வலிக்கத்தானே செய்யும். சாப்பிட்டால் வலி பறந்துவிடும், அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி வாங்குவேன். அதுதான் காரணம் என்று டாக்டரம்மா அடித்துச் சொல்லவில்லை, ஆனால் இந்த நீருக்கும் அந்த மாத்திரைக்கும் தொடர்பு உண்டு என்றார்.

அவர் சொன்னவை, மறக்காமல் இருக்க:
மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, வேறொரு டாக்டர் பார்த்துக் குறைப்பார்.
நீர் தானே வற்றலாம். மாதங்கள் ஆகும்.
வற்றினாலும் தழும்பு நிற்கலாம்.
கட்டம் போட்ட தாளைத் தினம் பார்க்க வேண்டும், ஒவ்வொரு கண்ணாக.

இடது கண் தப்பிக்குமா என்று கேட்டேன். இப்போதைக்கு நன்றாக இருக்கிறது என்றார். இப்போதைக்கு. வீட்டுக்கு வந்து அந்த வார்த்தையிலேயே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறது. இவர் வந்ததும் அழுதேன்.

நவம்பர் 22, வெள்ளி

வெயில், நம்ப முடியாத வெயில். துணி காய்ந்தது. கட்டத்தாள்: இடது நேர், வலது வளைவு.

இரும்புலியூர் போனேன். பிரபுவின் அம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். காபி கலக்க உள்ளே போய்விட்டார்கள். மொட்டைமாடியில் பிரபு அலங்கார சீரியல் பல்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். லென்ஸ் இல்லை, என் கண். நீ எதையும் கீழே போடவில்லை. உன் தங்கச்சி படத்தைக் கெடுத்தது நான்.

ஐயோ என்பான், திட்டுவான் என்று காத்திருந்தேன். ஒயரைக் கீழே வைத்தான்.

"கண்ணுன்னு தெரியாதுக்கா. ஆனா படம் மங்கறது தெரியும். ஈஸ்டருக்கு அப்புறம் எடுத்த கல்யாணத்துலருந்தே."

எனக்குப் புரியவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு எத்தனையோ ஆல்பம் கொடுத்தாயிற்று, ஒருவரும் குறை சொல்லவில்லையே என்றேன். அவன் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான். என் படம் மங்கலாக இருந்த இடத்தில் எல்லாம் தன் வீடியோவிலிருந்து அதே நொடியை எடுத்து வைத்திருக்கிறான். அச்சில் தெரியாத அளவுக்கு மெருகேற்றி. என்னிடம் மூச்சு விடாமல்.

சேலையூர்ப் பெண் ஒருத்தி ஆல்பத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாளே. அவள் அப்பா தாலியை எடுத்துக் கொடுக்கும் படம். நான் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படம்.

அதுவுமா என்று கேட்டேன். தலையாட்டினான்.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். சுவர் சுட்டது. கீழே யாரோ ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தார்கள். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

கடைசியில் ஒன்று மட்டும் கேட்க முடிந்தது. "தெரிஞ்சும் ஏண்டா ஷீபா கல்யாணத்த என்னாண்ட குடுத்த?"

"வீடியோ கீதுல்ல, அதுல எடுத்துக்கலாம்னு இருந்தேன். அத்தைங்க எழுந்து நிப்பாங்கன்னு எவன் கண்டான்?"

வேறு ஒருத்தரை வைத்திருக்கலாமே என்றேன்.

"வெச்சிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சு போயிருக்கும்க்கா."

சொல்லிவிட்டு மறுபடி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.