மாடிக்கு ஒரு சிட்டிகை

என் ஆசை நைனாவுக்கு,

கோபப்படாமல் கேளுங்கள். உங்களைப் பற்றி எழுதிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முழுப் பக்கம்! நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும்.

பெங்களூரில் என் ஆபீஸைப் பார்க்க வந்தீர்களே, நினைவிருக்கிறதா? லிஃப்ட் திறந்து நின்றது. "எனக்கு இன்னா வயசாயிடுச்சா? நீ அதுல போ, நான் படியில வரேன்" என்றீர்கள். நானும் கூடவே ஏறினேன், ஏழு மாடி. மாடிக்கு ஒரு சிட்டிகை மூக்குப்பொடி. மேலே வந்து மூச்சு வாங்கியபடி, "சுரங்கத்துல ஆள எறக்குற கேஜ் மாதிரியே கதவு மூடுது கண்ணு. யார்கிட்டயும் சொல்லாத" என்றீர்கள்.

உள்ளே பாறை சரிந்து உங்கள் கூட்டாளி போன நாளிலிருந்து அந்தப் பயம் கூடவே இருந்திருக்கிறது. மனநலம் பற்றிப் பத்து வருஷமாக எழுதுகிறேன், சொந்த வீட்டில் இருந்தது தெரியவில்லை. நானெல்லாம் ஒரு நிருபர்!

அதனால்தான் எழுதினேன். நீங்கள் சொல்லாதே என்றதால் ஊரைச் சொல்லாமல், 'அருள்' என்று பெயரை மாற்றினேன். உங்கள் பேச்சை மட்டும் தொடவில்லை. 'இன்னா'வை 'என்ன' ஆக்கச் சொன்ன எடிட்டரிடம், "அது எங்கள் ஊர்த் தமிழ் சார்" என்று மல்லுக்கு நின்றேன். மூக்குப்பொடியையும் வெட்ட மனசு வரவில்லை. அங்கேதான் மாட்டினேன்.

திங்கட்கிழமை அம்மாவிடமிருந்து போன். "இன்னாடி பண்ணி வெச்சிருக்க? ஊரே சிரிக்கப் போவுது!"

அடித்துப் பிடித்து மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து நம் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கினேன். வீட்டுக்குள் உங்கள் ஷிஃப்ட் ஆட்கள் மூன்று பேர், கையில் அந்தப் பேப்பர்.

அவர்களில் தாஸ் மாமா எழுந்தார். "மாடிக்கு ஒரு தபா பொடி போடுறவன் உங்க நைனாவ வுட்டா வேற யாரும்மா? அருளாம், அருளு!"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "நானும் லிஃப்ட்ல ஏறமாட்டேம்மா. பேத்தி பொறந்தப்ப ஆஸ்பத்திரில அஞ்சு மாடி படியேறிப் போனேன். முட்டிக்கு நல்லதுன்னு சொல்லி வெச்சேன்."

பக்கத்திலிருந்தவர், "எனக்குக் கதவச் சாத்துனா தூக்கம் வராது" என்றார். மூன்றாமவர் எழுந்துபோய் வாசல் கதவை இன்னும் அகலத் திறந்துவைத்தார்.

ஒரே கேஜில் இறங்கிய நான்கு பேர், நைனா! இத்தனை வருஷத்தில் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லையா?

காபி கொண்டுவந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தாள். அவர்கள் போன பிறகு, உங்கள் பொடி டப்பாவை முந்தானையால் துடைத்து, மாலை போட்ட உங்கள் படத்தருகே வைத்தாள். "அடுத்த தபா அவரு பேரையே போடு. படியேறுனது அவரு, பேரு மட்டும் எவனோ அருளுக்கா?"

அவர்கள் மூவரும் தங்கள் கதையையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், சொந்தப் பெயரிலேயே. நாளைக் காலை முதலில் தாஸ் மாமா வீடு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை!

சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டேன். திட்டுவீர்களா, சிரிப்பீர்களா? தெரியவில்லை. ஆனால் இனி எங்கேயும் உங்கள் பெயரை ஒளிக்கமாட்டேன். சத்தியம். இந்தக் கடிதத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நந்திதுர்க் சுரங்கத் தொழிலாளி
சாமுவேலின் மகள்,
ரோஸி