ஃபிரிஸ்கோ முகவரியில் ஐந்து பேர்

மார்ச், செவ்வாய். காற்று. மாலையில் ஆலங்கட்டி விழலாம் என்று போனில் எச்சரிக்கை.

இல்லை, சட்டம் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. சட்டத்துக்கு ஏற்பத்தான் கம்பெனியின் நெட்வொர்க் விதியையே எழுதினேன். மற்ற நிறுவனங்களின் வீடியோவை மாலை நேரத்தில் மெதுவாக்கு; எங்கள் போன் கம்பெனியின் வீடியோவை விட்டுவிடு. இப்படி மெதுவாக்குவதற்கு நாடு முழுவதும் இருந்த தடை நீதிமன்றத்தில் விழுந்துவிட்டது. மிச்சம் இருப்பவை மாநிலச் சட்டங்கள். கலிபோர்னியாவில் கூடாது. டெக்சஸில் கேட்க ஆளில்லை. ஆகவே ஒரு மாநிலப் பட்டியல், எதிரே ஆம், இல்லை. என் வேலை அவ்வளவுதான்.

கலிபோர்னியாவிலிருந்து, குபெர்டினோவிலிருந்து, திவ்யா போனில். பழைய அறைத்தோழி. திக்கிப் பேசும் பிள்ளைகளுக்கு வீடியோவில் பயிற்சி தருகிறாள்.

“அடியே, உங்க நெட்டுக்கு என்ன வந்துச்சு? அந்தப் பாப்பா ஒரு வார்த்தையை முக்கி முக்கி சொல்லி முடிக்கும்போது படம் நின்னுடுது. எனக்குக் கேக்கலைன்னு மறுபடி ஆரம்பிக்கிறா. இன்னிக்கு அழுதுட்டா.”

“கலிபோர்னியால ஸ்லோ ஆகக் கூடாதே.”

“கூடாதுன்னு யார்கிட்ட சொல்றே? என்கிட்டயா, நெட்டுகிட்டயா?”

பால் வாங்க மறந்தேன்.

புதன். மேகம்.

தி.யின் எண்ணைத் தேடினேன். மாநிலம்: டெக்சஸ். ஃபிரிஸ்கோ, என் வீட்டு முகவரி.

ஏனென்றால் அவள் என் ஃபேமிலி ப்ளானில் இருக்கிறாள். ஐந்து பேர். யாரும் யாருக்கும் உறவில்லை. ஊழியர் சலுகை, ‘ஒரே வீட்டில் வசிப்பவர்கள்’ என்ற கட்டத்தில் நான்தான் டிக் போட்டேன். என் விதி பார்ப்பது கணக்கின் முகவரியை. போன் எங்கே இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

அக்கா கணக்கில் தங்கை, மச்சான் கணக்கில் மச்சானின் நண்பன். நம் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். விதியைச் சரிபார்த்த மற்றவர்களுக்கு இது தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இப்படி மாட்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும் கட்டளையைக் கணினியில் எழுதினேன். ஓடவிடவில்லை. ஓடவிட்டால் அதிலும் என் பெயர் பதிவாகும்.

 

வியாழன். வெயில், அர்த்தமில்லாமல்.

செந்திலிடம் சொன்னேன். என் மேனேஜர், ஈரோட்டுக்காரர். கார் நிறுத்துமிடத்தில் வைத்து.

“யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லைங்க.”

“மெயிலு?”

“இல்லைங்க.”

“நல்லதாப் போச்சு. அடுத்த மாசம் மத்த மாத்தத்தோட சேத்துச் சரி பண்ணிப் போட்டுரலாம். லீகல் டிபார்ட்மெண்டுக்குப் போனா யாரு எழுதுனதுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. எழுதுனது நீங்க. பாஸ் பண்ணுனது நானுங்க. பதினோரு வருசமா கிரீன் கார்டு வரிசைல நிக்கறேன். எம் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும் போல.”

சிரித்தார். நானும். அவர் கட்டைவிரல் காபி மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

எச்-1 விசா. வேலை போனால் நாட்டை விட்டுக் கிளம்ப அறுபது நாள். அதற்குள்:
கார் விற்க.
வாடகை ஒப்பந்தம் முறிக்க.
அம்மாவிடம் சொல்ல. (இதைத்தான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டுக் கீழே எழுதினேன்.)

வெள்ளி. மாலையில் ஆலங்கட்டி, பத்து நிமிடம்.

இந்தியக் கடையில் ஒரு பெண், போனில்: “ஆமா, அவருக்கு வேலை போயிடுச்சு. சோஃபாவ சும்மா எடுத்துக்கோங்கன்னு குடுத்துட்டுக் கெளம்பிட்டாங்க.” அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். உளுந்தைப் பார்த்தபடி நின்றேன், நெடுநேரம்.

தி.யிடமிருந்து செய்தி: “பாப்பாவோட அம்மா கிளாஸை நிறுத்திட்டாங்க. நான் கம்ப்ளெய்ண்ட் போடட்டுமா? உனக்கு எதாவது பிரச்சினை வருமா?”

வரும். அவள் கணக்கைத் திறந்தால் என் பெயர்.

“கொஞ்சம் பொறு” என்று அனுப்பினேன். உடனே ஒரு இதயம் அனுப்பினாள். அதைப் பார்க்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சனி. தெளிந்த வானம். கார் கூரையில் இரண்டு பள்ளம்.

கட்டளையை ஓடவிட்டேன். எண்ணை இங்கே எழுதவில்லை. பட்டியல் ஒரு திரையில் முடியவில்லை. கணக்கு டெக்சஸில், போன் கலிபோர்னியாவில். வரிவரியாக.

லீகலுக்கு மெயில் எழுதினேன். நடந்தது, யார் எழுதியது. கடைசிப் பத்தி: எடுத்துக்காட்டாகத் தரும் எண் என் சொந்தக் கணக்கில் உள்ளது, அவர் என் வீட்டில் வசிப்பவர் இல்லை. அந்தப் பத்தியை மூன்று முறை அழித்தேன். அது இல்லாமல் மற்றது நிற்கவில்லை.

செந்திலை அழைத்தேன். பின்னால் அவர் மகள், “அப்பா, ஹூ இஸ் இட்?”

“திங்கக்கெழம வரைக்கும் பொறுக்க முடியாதுங்களா?”

“இன்னிக்கு சாயங்காலமும் ஸ்லோ ஆகும்ங்க.”

 “எம் பேரும் இருக்குதுங்களா அதுல?”

“இருக்குங்க.”

வைத்துவிட்டார்.

நாலு நாற்பது. மெயிலை அனுப்பினேன். தி.க்கு: “கம்ப்ளெய்ண்ட் போடு. என் பேரையும் போடு.”

பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தேன்.