ஊசி படாத கட்டி

உன் மகள் நேற்று கழுத்தில் ஷாலை இறுக்கிச் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள், மாப்ள. நம் ஊர் எழுமலையிலிருந்து என் தங்கச்சிதான் அவளை பஸ்ஸில் கூட்டி வந்திருந்தாள். இந்த வெயிலில் யார் கழுத்தை மூடுவார்கள்? நீயும் இப்படித்தான் பங்குனி வெயிலில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தாய்.

ஷாலை விலக்கிப் பார்த்தேன். இடது தாடைக்குக் கீழே, உனக்கு இருந்த அதே இடத்தில், எலுமிச்சங்காய் அளவுக்கு மெத்தென்று ஒரு கட்டி. வலி இல்லையாம். சளி பிடித்தால் பெரிதாகுமாம், சளி விட்டால் அடங்குமாம். உனக்கும் அப்படியேதான் இருந்தது. "டி.வி.க்காரன விட இது கரெக்டா மழை சொல்லுது மச்சான்" என்று நீ அதை வைத்தே கேலி பேசுவாய்.

நாம் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். நீ என் தங்கச்சியைக் கட்டிய பிறகும் நமக்குள் வாடா போடாதான். ஆனால் நான் சிம்மக்கல்லில் மொத்தக் கடை வேலைக்கு வந்த பிறகு, ஊரில் என் பேச்சுக்குத் தனி மரியாதை. மதுரையில் இருக்கிறவனுக்குத் தெரியாததா? அந்த மரியாதைதான் உன்னைத் தின்றது.

ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, எனக்குத்தான் போன் செய்து கேட்டாய். கடையில் யாரோ எப்போதோ சொன்னதை நான் பெரிய படிப்பாளி மாதிரி எடுத்துவிட்டேன். "மாப்ள, ஊசிய மட்டும் குத்த விட்றாத. கேன்சரா இருந்தா பரவிரும்." நீ ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாய். இரண்டு வருஷம் அதைத் துண்டுக்குள் வைத்திருந்தாய். பிறகு ஒரு சளிக் காய்ச்சலில் அது சீழ் பிடித்து, கழுத்தே வீங்கி, எச்சில்கூட விழுங்க முடியாமல் போனது. தகவல் கேட்டு ஓடிவந்து உன்னைக் காரில் ஏற்றினேன். என் மடியில் தலை வைத்து மூச்சுக்குத் தவித்தாய். மதுரை எல்லையில் கோச்சடையைத் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது.

ஊரில் எல்லாரும் கேன்சர் என்றார்கள். நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கேன்சர் என்றால் என் மேல் பழி இல்லை, பார்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா அதே ஊசியைச் சொன்னார். கேட்டதுமே என் தங்கச்சி தன் மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஊசி பட்டா பரவிரும்னு நீதானண்ணே சொன்ன? அவருக்குச் சொன்னத இவளுக்கு மட்டும் மாத்திச் சொல்லுவியா?"

அத்தனை பேர் முன்னால் அவள் காலில் விழுந்தேன். தங்கச்சி காலில் அண்ணன் விழுவது நம் பக்கம் வழக்கமில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுத்தா. அன்னைக்கும் தெரியாது. தெரிஞ்சவன் மாதிரி பேசிட்டேன்." அவள் என்னைத் தாண்டி மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

ஊசி மெல்லியதாகத்தான் இருந்தது. வைக்கோல் நிறத்தில் நீர் ஏறியது. "பயப்பட வேண்டாம். பொறக்கும்போதே உள்ள தங்கிப்போன நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது. ரிசல்ட் வரட்டும், ஆபரேஷன் பண்ணி முழுசா எடுத்துரலாம்" என்றார் டாக்டரம்மா. உன் கதையைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "பாக்காம சொல்ல முடியாதுங்க. அவருக்கு இருந்ததும் இதே கட்டியா இருந்திருக்கலாம்."

உன் மகள் கழுத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுதானா மாமா?"

தலையை ஆட்டினேன். ஆபரேஷன் முடிந்ததும் அவள் இந்தக் கேள்வியை மறந்துவிடுவாள், மறக்கட்டும். எனக்கு அது காதை விட்டுப் போகாது.

இம்புட்டுதான், மாப்ள. இந்த ஒரு ஊசியைத்தான் உன்னை வேண்டாம் என்று சொல்ல வைத்தேன்.